தூரிகை பிடித்த நடிகர்

ஒருவன் இளமையிற் கற்ற கலையொன்றைக் கைவிட்டு வேறொரு தொழிலை மேற்கொள்வானாயின், முன்னர்க் கற்றது வீணாயிற்று என்று கூறுதல் உலக வழக்கு. சித்திரம் பயின்றவன் கணக்காளன் ஆனாலும், சங்கீதம் பயின்றவன் வைத்தியன் ஆனாலும், அவன் பயிற்சியிற் செலவிட்ட ஆண்டுகளை நட்டக்கணக்கில் எழுதிவிடுகிறோம். பெற்றோர் பலர் தம் மக்களைக் கலைப்பாடங்களினின்றும் விலக்கிவைப்பதற்கும் இவ்வெண்ணமே காரணம். இக்கணக்குச் சரியானதுதானா என்பதை ஆராய்தற்கு ஏற்ற வாழ்க்கையொன்று நம் காலத்துத் தமிழகத்தில் உண்டு. அது நடிகர் சிவகுமாரின் வாழ்க்கை. ஓவிய மாணவராகத் தொடங்கி, திரைப்பட நடிகராகி, தொலைக்காட்சியிலும் நடித்து, முதுமையிற் கம்பனையும் வள்ளுவரையும் மேடையேற்றிய சொற்பொழிவாளராக மலர்ந்தவர் அவர். இத்தொழில்களை இணைத்து நிற்கும் இழை யாது என்பதையும், ஒன்றைவிட்டு ஒன்றைப் பற்றியபோது அவர் இழந்தது யாது என்பதையும் இக்கட்டுரையிற் காண்போம்.

கோயம்புத்தூருக்கு அண்மையில், சூலூரை அடுத்த காசிகவுண்டன்புதூர் என்னும் சிற்றூரில் 1941-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 27-ஆம் நாள் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பழனிச்சாமி. குழந்தைக்கு ஓராண்டு நிரம்புமுன்னரே தந்தையார் இறந்தார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் தாயாரின் மீது விழுந்தது. மழையை நம்பி வாழும் வேளாண் ஊரில், கைம்பெண் ஒருத்தி தன் உழைப்பினால் மக்களை ஆளாக்குவது எத்துணைக் கடினம் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய வீட்டுப் பிள்ளை பள்ளிப்படிப்பு முடிந்ததும் விரைவிற் பொருளீட்டும் வேலையொன்றைத் தேடுவான் என்றே எவரும் எதிர்பார்ப்பர். இவரோ தமக்குக் கைவந்திருந்த ஓவியத்தைத் தொடர்ந்து கற்க விரும்பினார். தாயாரும் அதற்குத் தடையாக நிற்கவில்லை.

1958-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்தார். முதலிற் சிலகாலம் திரைப்படப் பதாகைகள் தீட்டும் ஓவியக்கூடமொன்றிற் பழகினார். அக்காலத்திற் படங்களுக்கு விளம்பரமாவன தெருமுனைகளில் வானளாவ நிற்கும் துணிப் பதாகைகளே. கையளவு புகைப்படத்தின்மேற் கட்டங்கள் வரைந்து, அவற்றுக்கு ஒத்த பெரிய கட்டங்களைத் துணியில் இட்டு, ஒவ்வொரு கட்டத்துள் இருப்பதையும் அளவு மாறாமற் பெருக்கி எழுதுவது அத்தொழிலின் முறை. முழு முகத்தையும் ஒருங்கே காண்பதற்குத் தொலைவிற் சென்று நிற்கவேண்டும். அருகில் நிற்பவனுக்கு அது வெறும் நிறத்திட்டாகவே தோன்றும். சிறியதைப் பெரிதாக்கும்போது பிழையும் பெரிதாகும் ஆதலின், அளவு பற்றிய கவனம் அங்குப் பழகுவோர்க்குத் தானே வந்தமையும்.

பின்னர், சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் ஓவியப் பள்ளியிற் சேர்ந்து 1959 முதல் 1965 வரை ஆறாண்டுகள் பயின்றார். இப்பள்ளி 1850-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹன்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. நாற்காலி, மட்பாண்டம், உலோக வேலை முதலிய கைத்தொழில்களைப் பயிற்றுவதே அதன் தொடக்ககால நோக்கமாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டில், வங்கத்துச் சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்திரி அதன் தலைவராக நெடுங்காலம் இருந்து, அதனை நுண்கலைக்குரிய இடமாக்கினார். சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே. அவருக்குப் பின் 1957-இல் தலைமையேற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். சிவகுமார் அங்குச் சேர்ந்த காலம், பணிக்கரின் வழிகாட்டலில் மாணவர் பலர் மேனாட்டுப் புதுமுறைகளையும் நம் நாட்டு மரபையும் இணைத்துப் புதிய ஓவியமொழியொன்றைத் தேடிக்கொண்டிருந்த காலம்.

இவர் கண்டதைக் கண்டவாறு தீட்டும் முறையையே தம் வழியாகக் கொண்டார். தஞ்சைப் பெரிய கோயில், மதுரை மீனாட்சியம்மன் கோயில், திருவண்ணாமலைக் கோபுரம், மாமல்லபுரம், கன்னியாகுமரி முதலிய இடங்களுக்குச் சென்று, நேரில் அமர்ந்து ஓவியங்கள் தீட்டினார். கோயிற் கோபுரமொன்றை நேரில் இருந்து வரைதல் எளிய செயலன்று. கோபுரம் மேலே செல்லச்செல்ல ஒடுங்கும். ஒவ்வொரு நிலையிலும் சுதைவடிவங்கள் சிறுத்துச் செல்லும். தரையில் இருந்து காண்பவன் கண்ணுக்கு அவ்வொடுக்கம் மேலும் மிகுந்து தோன்றும். அந்த அளவுகள் பிறழின் கோபுரம் சாய்ந்துவிடும். அன்றியும் வெயில் நகர்ந்துகொண்டேயிருக்கும். காலையில் வலப்புறம் கிடந்த நிழல் மாலையில் இடப்புறம் கிடக்கும். எந்நேரத்து ஒளியைத் தீட்டுவது என்பதை ஓவியன் தொடக்கத்திலேயே துணிந்து, அந்த ஒளியை மனத்துள் நிறுத்திக்கொள்ள வேண்டும். மாறிவிட்ட காட்சி கண்முன் கிடக்க, மாறாத காட்சியை நினைவிலிருந்து எடுத்து எழுதவேண்டும். இதில் நீர்வண்ணத்துக்கு மேலும் ஓர் இடர் உண்டு. இட்ட நிறத்தை எண்ணெய் வண்ணம்போல் மறைத்து மீண்டும் எழுத இயலாது. ஆகவே கூர்ந்து நோக்குதல், நினைவில் நிறுத்துதல், துணிந்தபின் கைநடுங்காமை என்னும் மூன்றும் இப்பயிற்சியாற் பெறப்படுவன. இம்மூன்றையும் வாசகர் மனத்திற் கொள்வாராக.

பள்ளிப் படிப்பு முடிந்த 1965-ஆம் ஆண்டிலேயே இவர் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. ஏ. வி. எம். நிறுவனத்தின் தயாரிப்பாக, ஏ. சி. திருலோகசந்தரின் இயக்கத்தில் வெளிவந்த ‘காக்கும் கரங்கள்’ என்ற படத்திற் சிறிய வேடமேற்று நடித்தார். பழனிச்சாமி சிவகுமார் ஆனார். அடுத்து ஏ. பி. நாகராசனின் புராணப் படங்கள் அவரை மக்களிடையே அறிமுகப்படுத்தின. ‘சரஸ்வதி சபதம்’ படத்தில் திருமாலாகவும், 1967-இல் வெளிவந்த ‘கந்தன் கருணை’யில் முருகனாகவும் தோன்றினார்.

நல்லூரும் மாவிட்டபுரமும் செல்வச் சந்நிதியும் விளங்கும் யாழ்ப்பாணத்தவராகிய நமக்குக் ‘கந்தன் கருணை’யின் கதையைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தைக் கோயில்தோறும் படித்துப் பயன்கேட்டு வளர்ந்த நாடு இது. ஆகவே முருகவேடம் பூண்டு வரும் ஒருவரை இங்குள்ளோர் எளிதில் ஏற்றுக்கொள்ளமாட்டார். தெய்வ வேடத்தில் நடிகனுக்குப் பேச்சினும் நிலையே முதன்மையானது. வேலைத் தாங்கும் கையின் உயரம், இடையின் சிறு வளைவு, கண்ணின் அமைதி ஆகியவற்றில் ஒன்று மிகினும் குறையினும் தெய்வம் கூத்தாடியாகிவிடும். சிலையையும் சித்திரத்தையும் ஆறாண்டுகள் வரைந்து பழகிய ஒருவருக்கு இந்நிலைகள் உடலுக்கு வருமுன்னரே கண்ணுக்கு வந்திருந்தன எனலாம். தூரிகை துணியின்மேற் செய்ததை இப்பொழுது தம் மேனியின்மேற் செய்யவேண்டியிருந்தது, அவ்வளவே வேறுபாடு.

எனினும் வெற்றி உடனே கிட்டவில்லை. பத்தாண்டுகள் வரை பெரிய நடிகர்களுக்குத் தம்பியாகவும் மகனாகவும் இரண்டாம் நாயகனாகவுமே பெரும்பாலும் நடித்துவந்தார். இளையராசா இசையமைப்பாளராக அறிமுகமாகிய ‘அன்னக்கிளி’ 1976-இல் வெளிவந்து அவருக்கு நாயக நிலையை உறுதிசெய்தது. 1979-இல் வெளிவந்த ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’ அவருடைய நூறாவது படம். அதில் வெகுளியான நாட்டுப்புறத்துக் கணவனாக அவர் நடித்தார். அழகிய இளைஞர் என்று பெயர்பெற்ற நடிகர் ஒருவர், தம் அழகைத் தாமே மறைத்துக்கொண்டு நடிக்க முன்வருதல் அத்துறையில் அரிய செயல். மறு ஆண்டு வெளிவந்த ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் முரடனாக மாறினார்.

நடிகராக அவர் எய்திய சிகரங்கள் இரண்டு என்று கருதலாம். ஒன்று, கே. பாலசந்தரின் இயக்கத்தில் 1985-இல் வெளிவந்த ‘சிந்து பைரவி’. அதிற் கருநாடக இசைப் பாடகர் ஒருவரின் வேடம் அவருக்கு. பாடியவர் கே. ஜே. யேசுதாஸ், திரையிற் பாடுபவராகத் தோன்றியவர் சிவகுமார். பிறர் குரலுக்கு வாயசைப்பது திரைப்படத்தில் வழக்கமே எனினும், கச்சேரி மேடையில் அமர்ந்த பாடகனுக்கு வாயசைவு மாத்திரம் போதாது. மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது, கழுத்து நரம்பு எங்கே புடைக்கிறது, தாளமிடும் கை எவ்வாறு விழுகிறது, சங்கதி முடியும்போது கண் யாரைத் தேடுகிறது என்பவற்றை இசை அறிந்தோர் நோக்கிக்கொண்டேயிருப்பர். இவற்றைப் பிறரிடத்திற் கண்டு தம்மிடத்தில் நிகழ்த்தியதற்கு ஓவியனுக்குரிய நோக்கே துணைசெய்தது என்று சொல்வது மிகையாகாது. மற்றொன்று, இந்திரா பார்த்தசாரதியின் கதையைத் தழுவி சேதுமாதவன் இயக்கிய ‘மறுபக்கம்’. இந்தியாவின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதாகிய தங்கத் தாமரையைப் பெற்ற முதலாவது தமிழ்ப்படம் அது.

திரைப்படத்திற் காட்சிகள் கதையின் ஒழுங்கில் எடுக்கப்படுவதில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மரணக்காட்சி முதலாம் நாளிலும், அதற்குக் காரணமான சண்டை முப்பதாம் நாளிலும் எடுக்கப்படலாம். இடையே நாட்கள் பல கடந்தபின்னரும், முன்னர் நின்ற அதே நிலையையும் அதே உணர்ச்சியின் அளவையும் நடிகன் மீட்டுக்கொள்ள வேண்டும். நகர்ந்துபோன வெயிலை நினைவில் நிறுத்தி வரையும் ஓவியனின் வேலைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை.

இனி, மறுபக்கத்தையும் நேர்மையாக நோக்கவேண்டும். ஒரு கலை மற்றொரு கலைக்கு உதவிற்று என்று மகிழ்வதோடு நின்றுவிட்டால் ஆராய்ச்சி முழுமைபெறாது. பணிக்கரும் அவர் மாணவர் பலரும் ஒன்றுகூடி, 1966-ஆம் ஆண்டிற் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரமாகச் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை நிறுவினர். வறுமையோடு போராடி, துணியிற் கைவண்ணம் தீட்டி விற்று, அதனால் வந்த பொருளைக்கொண்டு தம் ஓவியங்களையும் சிற்பங்களையும் படைத்தனர். இந்தியக் கலைவரலாற்றிற் சென்னை இயக்கம் என்று போற்றப்படுவது அவர்களாலேயே உருவாயிற்று. சிவகுமார் ஓவியப்பள்ளியை விட்டு வெளியேறிய மறு ஆண்டில் நிகழ்ந்த செயல் இது. ஒரே பள்ளியில் உருவானோர் ஓவியத்திற் புதுவழி கண்ட அந்த ஆண்டுகளில், அவர் அரிதாரம் பூசிக்கொண்டு படப்பிடிப்புக் கூடங்களில் நின்றார். அவர் ஓவியங்களிற் சிறந்தவையெனப் போற்றப்படுவன பெரும்பாலும் மாணவப் பருவத்தனவே. அக்கை தொடர்ந்து பழகியிருப்பின் எங்குச் சென்றிருக்கும் என்ற கேள்விக்கு விடை கிடையாது. ஏறத்தாழ 190 படங்கள் அதற்கு ஈடாக வந்தன. ஈடு நிகரானதா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மனத்துக்கேற்பத் தீர்மானிக்கலாம். இழப்பு இருந்தது என்பதை மாத்திரம் மறுக்கலாகாது.

ஆயினும் அவர் அவ்வோவியங்களைப் பேணிக்காத்தார். வாடகை அறையில் வாழ்ந்த மாணவன் தீட்டிய தாள்களை, புகழ்பெற்ற நடிகன் பழங்காகிதமென்று எறிந்துவிடவில்லை. பிற்காலத்தில் அவை நூலாக வெளிவந்தன. சென்னையிற் காட்சிக்கும் வைக்கப்பட்டன. திரையில் மாத்திரம் அவரை அறிந்திருந்த இளையோர் பலர், நரைத்த தலையினரான நடிகருக்குப் பின்னால் ஓர் ஓவியர் நாற்பது ஐம்பது ஆண்டுகளாகக் காத்திருந்தமையை அப்பொழுதே கண்டனர். பெரும்பான்மையோர் அவரை நடிகராக அறிந்து ஓவியராகப் பின்னர் அறிந்தமையால், நடிகர் ஓவியரானார் என்றே கூறுவர். உண்மையில் அவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவந்தார்.

2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பூவெல்லாம் உன் வாசம்’ என்ற படத்தோடு அவர் திரைப்படத்தினின்றும் விலகினார். ‘சித்தி’, ‘அண்ணாமலை’ என்னும் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தபின் நடிப்பையே முற்றாக நிறுத்திக்கொண்டார். வாய்ப்பு இருக்கும்போதே மேடையை விட்டிறங்குதல் கலைஞர்க்கு எளிதில் வாய்க்கும் மனநிலையன்று. தம் பிள்ளைகளாகிய சூர்யாவும் கார்த்தியும் நடிகர்களாக உயர்ந்த காலத்தில், தந்தையார் திரையை விட்டு நூல்களின் பக்கம் திரும்பினார்.

அறுபது அகவையைக் கடந்தபின் அவர் கம்பராமாயணத்தைப் பாடம்பண்ணத் தொடங்கினார். இராமகாதை முழுவதையும் நூறு பாடல்களின் வழியாக, கையிற் குறிப்பொன்றும் இல்லாமல், இரண்டு மணிநேரத்துக்கு மேலாகச் சொல்லி முடித்த அவருடைய உரை, ‘கம்பன் என் காதலன்’ என்ற பெயரால் அறியப்பட்டது. அடுத்து மகாபாரதத்தையும், பின்னர்த் திருக்குறளையும் அவ்வாறே எடுத்துக்கொண்டார். அவர் தமிழைத் துறைபோகக் கற்ற புலவர் அல்லர். இலக்கணவழியிற் பயின்றவரும் அல்லர். ஆகவே அவ்வுரைகளிற் புதிய ஆராய்ச்சியை எதிர்பார்த்தல் தகாது. முதியவர் ஒருவர் நூறு பாடல்களை நினைவில் நிறுத்திக் கதைத்தொடர்ச்சி அறாமற் சொல்லமுடியும் என்பதை நிகழ்த்திக்காட்டியதே அவற்றின் பயன். ஓவியம் கைக்குப் பழகப்பழக வருவது. மொழி நாவுக்குப் பழகப்பழக வருவது. இரண்டையும் ஒருவர் வாழ்விலேயே நாம் காண்கிறோம்.

இவ்விடத்தில் நம் நாட்டு மரபும் நினைவுக்கு வருகின்றது. நம் கோயில்களிற் புராணபடனம் நடைபெறும்போது, ஒருவர் பாட்டைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லுவார். படிப்பவருக்கு இசையும் பயன் சொல்பவருக்கு நினைவும் இன்றியமையாதன. 1847-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய பிரசங்கமும், 1980-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே தோன்றிய கம்பன் கழகத்தின் விழாக்களும் நம்மிடையே சொல்லையும் நினைவையும் வளர்த்தன. சிவகுமார் முதுமையில் முயன்று பெற்றதை நம் மாணவர் இளமையிலேயே, தம் ஊர்க் கோயில் மண்டபத்திலேயே பெறக்கூடிய நிலையில் இருக்கின்றனர். பெறுகின்றனரா என்பது வேறு கேள்வி.

ஓவியத் துறையிலும் நம்மிடத்துக்கென ஒரு வரலாறு உண்டு. சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய எஸ். ஆர். கனகசபை, ஆசிரியர்களையும் ஆர்வலர்களையும் ஒன்றுசேர்த்து வின்சர் கலைக்கழகத்தை நடத்தினார். அவருக்குப் பின்வந்தோரில் அ. மாற்கு ஆசிரியராகப் பணியாற்றி, மாணவர் பலரை ஓவியராக்கினார். 1995-ஆம் ஆண்டு இடப்பெயர்வில் மாற்கு தம் ஓவியங்கள் பலவற்றை இழந்தார். ஒருவர் நாற்பதாண்டுகள் வரைந்ததை ஓர் இரவின் புறப்பாடு கொண்டுபோய்விட்டது. சென்னையில் ஒரு நடிகரின் மாணவப்பருவ ஓவியங்கள் அரை நூற்றாண்டின் பின் காட்சிக்கு வந்ததை நாம் கேட்கும்போது, நம்மவர் வரைந்தவற்றுள் எஞ்சியவை எங்கெங்கு, எவரெவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்ற எண்ணம் எழாமற் போகாது. அவற்றைத் தேடித் தொகுத்துப் படியெடுத்து வைத்தல் நம் பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் இணைந்து செய்யக்கூடிய பணி. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. காலம் தாழ்த்தாமை ஒன்றே வேண்டும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு மீள்வோம். ஓவியம் கற்ற ஆறாண்டுகள் வீணாயினவா? தூரிகையை ஓவியர் கீழே வைத்தார். ஆயினும் தூரிகை பழக்கிய கண்ணும் நினைவும் உறுதியும் அவரை விட்டு நீங்கவில்லை. அவை நடிப்பிலே நிலையாயின, முதுமையிலே பேச்சாயின. அதேவேளை, கைவிட்ட கலைக்குரிய வளர்ச்சி திரும்பி வரவில்லை. இரண்டும் உண்மை. ஆகவே ஒரு கலையைக் கற்கத் தொடங்கும் மாணவன், இதனாற் பிழைக்க முடியுமா என்ற அச்சத்தினாற் கற்காமல் விடவும் வேண்டாம். எப்பொழுதும் திரும்பிவரலாம் என்ற எண்ணத்தினால் எளிதிற் கைவிடவும் வேண்டாம்.

உயர்வகுப்பு வந்ததும் சித்திரக் கொப்பியை மூடிவைக்கும் மாணவர் நம் கல்லூரியிலும் ஆண்டுதோறும் உளர். பரீட்சை நெருங்குகிறது என்பது அவர்கள் கூறும் காரணம். அது நியாயமான காரணமே. மூடிவைப்பவர் அக்கொப்பியை எறிந்துவிடாமல் பெட்டியின் அடியிலேனும் வைத்திருப்பாராயின், என்றேனும் ஒருநாள் அதனைத் திறப்பதற்கு ஒரு வழி இருக்கும்.